மச்சான் அனுப்பிய குப்பியை ஊசியாக ஏற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பெருங்குடல் அழற்சிக்கு நான்கு ஆண்டுகளாக மெசலசீன் குளிசை எடுக்கிறேன். கடந்த மாதம் முதல் மீண்டும் சளியும் இரத்தமும் போகின்றன. கனடாவிலுள்ள மச்சான் ‘கேபிவி’ என்ற பெப்டைட் பொடி இரண்டு குப்பி அனுப்பியுள்ளார். உடலிலேயே உள்ள பொருள், தீங்கில்லை என்கிறார். போடலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: போட வேண்டாம்.

லைசின், புரோலின், வலின் என்னும் மூன்று அமினோ அமிலங்களைக் கோத்துச் செயற்கையாக ஆக்கப்படுவது கேபிவி. உடலில் சுரக்கும், 13 அமினோ அமிலங்கள் கொண்ட அல்பா எம்எஸ்எச் ஹோர்மோனின் கடைசி மூன்று கண்ணிகள் இவையே என்பதால், உங்கள் மச்சான் சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் இன்சுலினும் உடலிலுள்ளதுதான். அதை அளவு பாராமல் எவரும் ஏற்றிக்கொள்வதில்லை. குடற்சுவர்க் கலங்களுக்குள் கேபிவி புகுந்து அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையை அடக்குவதாகவும், குடலழற்சி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில் நோய் தணிந்ததாகவும் 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்தச் சுண்டெலிகள்கூட அதைத் தண்ணீரில் கலந்து குடித்தனவேயன்றி, ஊசியாக ஏற்றிக்கொள்ளவில்லை. மனிதருக்கு எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் இன்னும் நிறுவப்படவில்லை. அமெரிக்காவிலும் இது அங்கீகரிக்கப்பட்ட மருந்தன்று.

நீங்கள் அனுப்பிய படத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன். ‘தூய்மை 99%’ என்பது கொட்டை எழுத்திலும், ‘ஆய்வுகூடத்துக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அன்று’ என்பது பொடி எழுத்திலும் இருக்கின்றன. ஆய்வுக்குரியது என்றால் உயர்ந்த சரக்கு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது, மனித உடலில் ஏற்றுவதற்குரிய சோதனைகளைக் கடக்காதது என்பதற்கான அறிவித்தல். அந்த 99 சதவீதம் பொடியிலுள்ள பெப்டைட்டில் எவ்வளவு பங்கு கேபிவி என்பதைச் சொல்லுமேயன்றி, கிருமி நீக்கப்பட்டதா, கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாத பற்றீரிய நச்சு உள்ளதா என்பதைச் சொல்லாது. அந்த நச்சு இரத்தத்தில் கலந்தால் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும், இரத்த அழுத்தமும் விழலாம். போதாததற்கு, உறைகுளிரில் இருக்க வேண்டிய பொடி பார்சலில் கடல் கடந்து, வன்னி வெயிலில் பஸ்ஸிலும் வந்திருக்கிறது.

நோய் ஏன் திரும்பியது என்பதே இப்போது அவசரமான கேள்வி. சுகமாக இருந்த மாதங்களில் குளிசையை இடையிடையே விட்டீர்களா? வயல் வேலை உளைவுக்கு டைக்குளோபெனாக், இபுபுரோபன் போன்றவற்றை வாங்கிப் போட்டீர்களா? அவை குடலழற்சியைக் கிளப்பக்கூடியவை. மாரியில் கிணறு முட்டி வழியும் நம் பகுதியில் அமீபா வயிற்றுளைவும் இதே சளி, இரத்தத்துடன் வரும் என்பதால், மலப் பரிசோதனை செய்யாமல் எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை எடுப்பவராயின் அதைத் திடீரென நிறுத்தவே வேண்டாம்.

நாளொன்றுக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்துடன் போய், அதனோடு காய்ச்சலோ நிமிடத்துக்கு 90க்கு மேற்பட்ட நாடித்துடிப்போ இருந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இல்லையேல் இந்த வாரமே கிளினிக் கொப்பியுடன் போய், குப்பிகளையும் காட்டுங்கள். ஒரு தடவையேனும் ஏற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.