போர்க்காலக் கடிதங்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

2009இல் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) தாட்டுவிட்டு வந்த கானை (கலனை) மீளக்குடியேறின பிறகு கிண்டி எடுத்தோம். அண்ணா எழுதின கடிதங்கள் சொப்பிங் பைக்குள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன. எப்படிப் பிரிப்பது?
வாசகி, புதுக்குடியிருப்பு

முதலில் அந்தப் பையை விட்டு வெளியே எடுங்கள். பகலில் சூடேறும் ஈரம் இரவில் பைக்குள்ளேயே துளியாகப் படியும். கடிதத்தைக் கெடுப்பது மண்ணை விட இதுதான். கட்டியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், கம்பி வலை மேல் இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெயில், அயன்பெட்டி, தலைமுடி உலர்த்தி மூன்றும் வேண்டாம். காய்ந்த மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். பூஞ்சணம் தெரிந்தால் வாய், மூக்கை மூடிக்கொண்டு முற்றத்தில் வைத்துத் தட்டுங்கள்.

பிரிக்குமுன் மையைச் சோதியுங்கள். ஈரப் பஞ்சுக்குச்சியால் ஒரு முற்றுப்புள்ளியைத் தொடுங்கள். நிறம் ஏறினால் அது பெரும்பாலும் நிரப்புப் பேனை மை அல்லது ஜெல் மை. ஈரம் காட்டவே கூடாது, கட்டியாகவே இருக்கட்டும். ஏறாவிட்டால் மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அதில் முட்டாமல் வலையை உயர்த்தி, கட்டியை வலையில் வைத்து மூடுங்கள். மணிக்கொரு தடவை திறந்து பாருங்கள். பெரும்பாலும் நாலு முதல் ஆறு மணித்தியாலத்தில் ஓரங்கள் இளகும். எழுத்துக் குறைந்த மூலையிலிருந்து, மழுங்கச் சீவிய மூங்கில் சீவலை நுழைத்துக்கொண்டே போங்கள். தடுத்தால் நிறுத்திவிட்டு மறுபடி பெட்டிக்குள் வையுங்கள். இழுத்தால் எழுத்து அடுத்த ஒற்றையோடு (தாளோடு) போய்விடும்.

பிரிந்த ஒற்றையை இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து மேலே பாரமில்லாத பலகை ஒன்று. அரை மணிக்குப் பிறகு தாளை மாற்றுங்கள், பிறகு சில மணிக்கு ஒருமுறை. பத்திரிகைத் தாள் வேண்டாம், அச்சு மை ஏறும். மாரியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்கள்தான் தோது.

லமினேற் செய்து வைக்கலாமா? கிழிந்த இடங்களுக்கு டேப்?
வாசகர், மல்லாவி

இரண்டும் வேண்டாம். லமினேற் சூடும் பசையும் சேர்ந்தது, திருப்பி எடுக்க முடியாது. டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். ஏற்கெனவே ஒட்டியதை உரிக்கவும் வேண்டாம். மணக்கிற மென்மையான பிளாஸ்டிக் உறைகள் குமிழ்முனைப் பேனையின் மையைத் தம் பக்கம் இழுத்துவிடும். வெள்ளைத்தாளை மடித்து ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குள் வைத்தால் போதும். இராமபாணப் பூச்சி ஏறியிருந்தால், காய்ந்த கடிதங்களைக் காற்றுப் புகாமல் பையில் கட்டி உறைபெட்டியில் (பிறீசரில்) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் தாள் வியர்க்கும்.

தம்பியின் கடிதங்களில் திகதியே இல்லை. ஆண்டைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
வாசகர், கிளிநொச்சி

உண்டு. கடிதத்துக்குள்ளேயே தேட வேண்டும். ‘பழைய நேரம்’, ‘புதிய நேரம்’ என்று எழுதியிருக்கிறாரா? அரசு 1996 மே மாதம் மணிக்கூட்டை முன்தள்ளியது, 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே அந்தச் சொல் வந்தால் கடிதம் பெரும்பாலும் இந்தப் பத்து வருடத்துக்குள்.

கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கம் இருப்பதாக எழுதியிருந்தால், பெரும்பாலும் நகரம் 1996 செப்டெம்பரில் இராணுவத்திடம் போனதற்குப் பிற்பட்டது. 1998 செப்டெம்பரில் புலிகள் நகரை மீட்டபோதும் எல்லாரும் உடனே திரும்பவில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் 1997 மே மாதத்துக்குப் பிறகு. ஏ-9 வழியாக ஆட்கள் சாதாரணமாக வந்துபோவதாக இருந்தால் 2002க்கும் 2006 ஓகஸ்ட்டுக்கும் இடையில்.

‘பொங்கலுக்கு வரப் பார்க்கிறன்’ என்பதைக் கண்டதும் தை மாதம் என்று முடிவுகட்டாதீர்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் அது வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலாகவும் இருக்கலாம். இதில்தான் பலர் தடக்குகிறார்கள்.

அச்சிட்ட படிவத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தால், படிவத்திலுள்ள ஆண்டு கீழ் எல்லையைத் தரும், கடிதம் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

இயக்கப்பெயரை (இயக்கத்தில் சூட்டிய பெயரை) மட்டும் வைத்து ஆளை உறுதிப்படுத்த வேண்டாம். ஒரே பெயர் பலருக்கு இருந்தது. வீட்டுப்பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

செஞ்சிலுவைப் படிவத்தில் வந்த கடிதத்தில் நாலைந்து வரிதான். அதிலும் இரண்டு வரி அடித்திருக்கிறது.
வாசகி, வவுனியா

அது மூடாத கடிதம். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், அதிகாரிகள் வாசிக்கலாம். இராணுவம், அரசியல் சார்ந்தது எதுவும் கூடாது. அதனால் அந்தச் சில வரிகளைச் சும்மா நலம் விசாரிப்பாக எண்ணாதீர்கள். யார் பிறந்தது, யார் செத்தது, யார் எங்கே படிக்கிறது என்பவை உறுதியான தகவல்கள். அடித்த வரியை ஸ்பிரிற்று போட்டுத் தேய்க்க வேண்டாம். இருட்டறையில் ரோச் லைற்றைத் தாளின் பக்கவாட்டில், மேசையோடு தாழ்த்திப் பிடித்துப் படமெடுங்கள். பின்பக்கத்தையும் அப்படியே எடுங்கள். பேனை அழுத்திய தடம் சிலவேளை எழுத்தாகத் தெரியும். படிவத்தின் இலக்கத்தையும் முத்திரைகளையும் குறித்து வையுங்கள், பின்னர் விசாரிக்கும்போது உதவும்.

காணாமற்போன மகனின் கடைசிக் கடிதத்தை அலுவலகத்தில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகி, முழங்காவில்

மூலத்தைக் கொடுக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமானாலும் வேறெந்த இடமானாலும், சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டு கையோடு கொண்டுவாருங்கள். மகன் எழுதிய இடப்பெயரும் கூட இருந்தவர்களின் பெயர்களும் விசாரணைக்கு முக்கியம், ஆகையால் தெளிவில்லாத சொற்களை வேறு தாளில் நீங்கள் வாசித்தபடி எழுதிக் கொடுங்கள். கடிதத்தின் மேலேயே பேனையால் திருத்தக் கூடாது.

கைபேசியால் படமெடுப்பதானால் வெறும் பக்கம், கடித உறையின் இரு புறம் எல்லாவற்றையும் எடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். உயிரோடிருக்கும் வேறு ஆட்களின் பெயர் கடிதத்தில் இருந்தால், அவர்களைக் கேட்காமல் முகநூலில் போட வேண்டாம்.