ஹப் மோட்டாரா, மிட் டிரைவா? நான் சைக்கிள் ஓட்டுகிற விதத்துக்கு எது ஒத்துவரும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினமும் வேலைக்குப் போய்வரவும் விடுமுறையில் கொஞ்சம் தூரம் சுற்றவும் உங்களுக்கு ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வேண்டும். வழி பெரும்பாலும் சமதளம், நடுவில் ஒரு மேம்பாலம், கடைசியில் ஒரு ஏற்றம். பழைய சைக்கிளில் ஏழு கியர் இருந்தும் ஒரே கியரில்தான் ஓட்டியிருக்கிறீர்கள். ஏற்றம் இருப்பதால் மிட் டிரைவ்தான் எடுக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 250 வாட் போதுமா, 500 வேண்டுமா என்றும் ஒரு சந்தேகம்.

கியர் மாற்றுவதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் மோட்டார் வகையைத் தீர்மானிக்கப் போவதே அதுதான். ஏற்றம் அதற்கு அடுத்தது. வாட் கணக்கு கடைசி.

என்னிடம் இரண்டு வகையும் இருக்கிறது, இரண்டையும் மாறி மாறி ஓட்டுகிறேன். இரண்டிலும் குறை உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி ஆளிடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், சக்கரத்தை நேராகச் சுற்றும். நீங்கள் எந்தக் கியரில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மிட் டிரைவ் பெடல் இருக்கும் இடத்தில், பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்க்கோடு சேர்ந்து இருக்கும். அது உங்கள் காலோடு சேர்ந்து செயினை இழுக்கிறது, அதனால் உங்கள் கியர்தான் அதற்கும் கியர். இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1993இல் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்த பாஸ் என்ற எலெக்ட்ரிக் சைக்கிளிலேயே மோட்டார் நடுவில்தான் இருந்தது.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விளம்பரத்தில் மிட் டிரைவ் மோட்டாருக்கு 85 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் பலம், என்று போட்டிருப்பார்கள். ஹப் மோட்டாருக்கு 40 என்று இருக்கும். பார்த்தவுடன் இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால் அந்த 85 கிராங்க்கில் கிடைப்பது, சக்கரத்தில் கிடைப்பது அல்ல. முன்பல்சக்கரத்தில் 38 பல், பின்பல்சக்கரத்தில் 12 பல் என்று வேகக் கியரில் இருந்தால் சக்கரத்துக்குப் போய்ச்சேருவது சுமார் 27 தான். அதே சைக்கிளில் பின்னால் 51 பல் உள்ள பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு மாற்றினால் சுமார் 114 ஆகிவிடும். ஹப் மோட்டாரின் 40 எந்தக் கியரிலும் சக்கரத்தில் கிடைக்கும் 40 தான், கியரால் ஏறாது, இறங்காது.

அதனால், சிக்னலில் அப்படியே வேகக் கியரில் நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் அதே கியரில் அழுத்துகிற பழக்கம் உள்ளவருக்கு விலை உயர்ந்த மிட் டிரைவ்கூட மந்தமாகத்தான் கிளம்பும். சாதாரண ஹப் மோட்டார் அதைத் தாண்டிப் போய்விடும். போதாக்குறைக்கு, குறைந்த சுழற்சியில் மிட் டிரைவ் மோட்டார் திணறும், செயினும் கதறும். நிற்பதற்கு முன்பே இரண்டு மூன்று கியர் இறக்கிவிடுகிற பழக்கம் இருப்பவருக்கு அதே சைக்கிள் வேறு சைக்கிளாகத் தெரியும்.

இனி உங்கள் ஏற்றத்துக்கு வருவோம். உங்கள் எடை, சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரும் சரிவில், சாதாரணப் பெரிய சக்கரத்தில் சுமார் 25 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற மொத்தம் 300 வாட் போல ஆகும். அதில் 100 வாட் உங்கள் காலிலிருந்து வந்துவிடும், சிரமம் தெரியாது. மீதி 200ஐ 250 வாட் ஹப் மோட்டார் பார்த்துக்கொள்ளும். மேம்பாலங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும், இதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

100 மீட்டருக்கு 12 மீட்டர் ஏறும் சரிவு என்றால் கதை வேறு. சக்கரத்தில் 47 நியூட்டன் மீட்டர் வேண்டும், மணிக்கு 10 கி.மீ. வேகத்திலேயே 380 வாட்டுக்கு மேல் போகும். நீங்கள் நன்றாக மிதித்தால் ஹப் மோட்டாரும் ஏற்றிவிடும். ஆனால் 25 கி.மீ. வேகத்துக்காகச் செய்த மோட்டார் 10 கி.மீ. வேகத்தில் சுற்றும்போது பேட்டரியிலிருந்து வரும் சக்தியில் பெரும் பங்கு சூடாக மாறுகிறது. டார்க் இரண்டு மடங்கானால் கரண்ட்டும் இரண்டு மடங்கு. செம்புச் சுருளில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. இரண்டு நிமிட ஏற்றம் என்றால் தாங்கிக்கொள்ளும், இருபது நிமிடம் என்றால் தாங்காது. மிட் டிரைவில் அதே ஏற்றத்தில் நீங்கள் கியரை இறக்கிவிடுவீர்கள். சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மலைப்பாதை என்றால் மிட் டிரைவ் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான், மோட்டாரின் பலம் இல்லை.

ஆகவே நீங்கள் அளந்து பார்க்க வேண்டியது எத்தனை வாட் என்பதை அல்ல, அந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்து, எவ்வளவு நீளம் என்பதை. போனில் இருக்கும் எந்த வரைபடச் செயலியிலும் கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி வைத்து உயரத்தைப் பார்த்துவிடலாம். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. மூச்சு வாங்கினாலே மலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

வாட் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். ஐரோப்பாவில் இந்த வகை சைக்கிளுக்குத் தொடர் சக்தி, அதாவது இடைவிடாமல் தரும் சக்தி, 250 வாட், மோட்டாரின் உதவி மணிக்கு 25 கி.மீ. வரை மட்டும் என்று சட்ட வரம்பு. அதனால் சின்ன ஹப் மோட்டாரிலும் 250 என்றுதான் ஸ்டிக்கர், பாஷ் நிறுவனத்தின் 85 நியூட்டன் மீட்டர் மலை மோட்டாரிலும் 250 என்றுதான் ஸ்டிக்கர். கொஞ்ச நேரத்துக்கு அந்த மோட்டார் 500 வாட்டைத் தாண்டியும் தரும். ஸ்டிக்கரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஹப் மோட்டார் என்று முடிவு செய்தாலும் அதற்குள் இரண்டு சாதி இருக்கிறது. கியர்டு ஹப் என்பதில் உள்ளே ஒரு சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும், மூன்று நைலான் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து, பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்காக்கி, சக்கரத்துக்குத் தரும். எடை குறைவு. உள்ளே ஃப்ரீவீல் கிளட்ச் இருப்பதால் மோட்டாரை அணைத்தாலும் சாதாரண சைக்கிள் போலவே உருளும். லேசான ஒரு ரீங்காரம் கேட்கும். வருடக்கணக்கில் போட்டு வாட்டினால் நைலான் பல் தேயும், மாற்றிக்கொள்ளலாம். டைரக்ட் டிரைவ் என்பதில் உள்ளே பல்சக்கரமே கிடையாது, சக்கரத்தின் நடுக்கூடு முழுவதுமே மோட்டார்தான். சத்தமே வராது, தேய்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கனம். அணைத்துவிட்டு மிதித்தால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும், காந்தங்கள் செய்கிற வேலை.

டைரக்ட் டிரைவில் பிரேக் போடும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும் என்பதைப் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதற்கு ஏற்றதாக இருந்தால் திரும்பும்தான், ஆனால் சமதளத்தில் செலவானதில் பத்து சதவீதம் தேறினாலே அதிகம். அதில் உண்மையான லாபம் பிரேக் ஷூ தேயாமல் இருப்பது. நீண்ட நேர்ச்சாலையில் வேகமாக, நின்று நின்று போகாமல், மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் கைப்பிடியான த்ராட்டிலைத் திருகிக்கொண்டு போகிறவருக்கு டைரக்ட் டிரைவ் நல்ல தோழன். உங்களுக்கு வேண்டாம்.

முன்சக்கரத்தில் போடும் ஹப் மோட்டாரும் உண்டு. இருக்கிற சைக்கிளை மாற்றியமைக்க அதுதான் சுலபம், பின்னால் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் ஏறும்போது எடையெல்லாம் பின்னால் போய்விடுவதால் மணலிலும் ஈரத்திலும் முன்சக்கரம் வெறுமனே சுற்றும். அதைவிட முக்கியம், மோட்டாரின் எதிர்விசை முழுவதையும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் நுனிதான் தாங்க வேண்டும். இரும்பு ஃபோர்க், கூடவே ஆக்ஸில் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் என்ற பட்டை, இரண்டும் இல்லாமல் போடாதீர்கள். கார்பன் ஃபோர்க் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பஞ்சர் பற்றி யாரும் வாங்கும் முன் கேட்பதில்லை, வாங்கிய பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். மிட் டிரைவில் சக்கரம் சாதாரணச் சக்கரம்தான், கழற்றி டியூப் மாற்றிப் போட்டுக்கொண்டு போகலாம். பின்பக்க ஹப் மோட்டாரில் முதலில் ஒயர் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சின்ன அம்புக்குறி இருக்கும்; திருகக் கூடாது, நேராக இழுக்க வேண்டும். திருகினால் உள்ளே ஊசிகள் வளைந்துவிடும், அப்புறம் பஞ்சர் பார்க்க வந்தவர் மோட்டார் பார்க்க வேண்டியதாகிவிடும். பிறகு பெரிய ஸ்பேனரால் ஆக்ஸில் நட்டைக் கழற்றி, எந்த வாஷர் எந்தப் பக்கம், எது உள்ளே எது வெளியே என்று பார்த்து வைத்துக்கொண்டு சக்கரத்தை இறக்க வேண்டும். நான் கழற்றுவதற்கு முன் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுவேன். திரும்ப மாட்டும்போது நட்டு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் ஆக்ஸில் தானே சுற்றி ஒயரை முறுக்கி அறுத்துவிடும். இந்த ஸ்பேனரை எப்போதும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை எங்கே என்று தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபின் ஒரு பகுதியை மட்டும் வெளியே இழுத்து ஒட்டிவிடலாம், ஹப் மோட்டார்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

மிட் டிரைவின் தொல்லை வேறு இடத்தில். உங்கள் காலின் 100 வாட்டும் மோட்டாரின் சக்தியும் ஒரே செயின் வழியாகத்தான் போக வேண்டும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரம் தேயும், அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் இன்னும் சீக்கிரம். ஒரு நொடி மிதியைத் தளர்த்தி, மாற்றி, மறுபடி மிதிக்க வேண்டும். வழியில் செயின் அறுந்தால் மோட்டாரும் சேர்ந்தே போச்சு, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஹப் மோட்டாரில் செயின் அறுந்தாலும், த்ராட்டில் இருந்தால் வீடு வந்து சேரலாம். பழுது விஷயத்திலும் ஹப் மோட்டாருக்கு வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலர்கூடப் பொருந்தும். மிட் டிரைவில் பெரும்பாலும் மோட்டார், பேட்டரி, திரை எல்லாம் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், ஒன்று போனால் அவர்கள் கதவைத்தான் தட்ட வேண்டும்.

இன்னொன்று. “மிட் டிரைவ் ஓட்டினால் இயல்பாக இருக்கிறது, ஹப் மோட்டார் பிடித்துத் தள்ளுகிறது” என்று பலர் சொல்வதில் பாதி, மோட்டாரைப் பற்றியதல்ல, சென்சாரைப் பற்றிய பேச்சு. விலை குறைந்த ஹப் மோட்டார் சைக்கிள்களில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். பெடலைக் கொஞ்சம் சுற்றிய பிறகே மோட்டாருக்குத் தெரியும், தெரிந்ததும் இருக்கிற பலத்தையெல்லாம் காட்டும். நெரிசலில், திருப்பத்தில் இது எரிச்சல். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார் வைத்த ஹப் மோட்டார் சைக்கிளும் கிடைக்கிறது, அதில் இந்தக் குறை பெரும்பாலும் போய்விடும். மறுபக்கம், முழங்கால் வலி உள்ளவருக்கு டார்க் சென்சார் சுகப்படாது. அழுத்தினால்தான் அது உதவும். அவருக்குச் சும்மா சுற்றினாலே இழுத்துப் போகும் சென்சார்தான் நல்லது.

சரி, உங்களுக்கு. உங்கள் ஏற்றம் 100 மீட்டருக்கு 7, 8 மீட்டருக்குள் இருந்தால், அல்லது அதைவிடச் செங்குத்தாக இருந்தாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றால், பின்சக்கர கியர்டு ஹப், டார்க் சென்சாரோடு எடுங்கள். நண்பர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். 20 அங்குலச் சின்னச் சக்கரம் உங்களுக்கு ஒத்துவருமானால் இன்னும் நல்லது: அதே மோட்டார் அதே ஏற்றத்தில் கால் பங்குக்கு மேல் குறைவான டார்க்கிலேயே ஏறிவிடும்.

பத்துக்கு மேல், நீளமாகவும் இருந்தால் மிட் டிரைவ்தான். ஆனால் அதைச் செயின் கியரோடு எடுக்காதீர்கள். கியரெல்லாம் பின்சக்கரக் கூட்டுக்குள்ளேயே இருக்கும் இன்டர்னல் கியர் ஹப் வைத்த மாடல் பாருங்கள். சிக்னலில் நின்றுகொண்டே கியரை இறக்கலாம் என்பதால் மறந்துபோகிறவருக்கு அதுதான் சரி. சிலவற்றில் கியர் தானாகவே மாறும். எடை கூடும், மோட்டாரின் டார்க்கை அந்த ஹப் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் ஒரு வேலை செய்யுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் மிதியுங்கள், பிறகு வேகக் கியரிலேயே நிறுத்தி, அப்படியே கிளம்பிப் பாருங்கள். கடைக்காரர் வேறு மாதிரி ஓட்டச் சொல்வார், கேட்காதீர்கள்.