இரண்டு சுமாரான கைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் இடக்கைப் பழக்கம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. பாட் வெண்டிட்டி என்ற அமெரிக்க பேஸ்பால் வீரர் கல்லூரி அணியில் ‘வாக்-ஆன்’ ஆகச் சேர்ந்து, இரண்டு கையாலும் பந்து வீசியே தொழில்முறை ஆட்டம்வரை போனார் என்று. யூடியூபில் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவில் அவர் கையுறையை மாற்றுகிறார், உடனே ஆடுகிறவர் பக்கம் மாறுகிறார், இவர் மறுபடி மாற்றுகிறார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

என் மகன் இங்கே பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆஃப் ஸ்பின் போடுவான். கல்லூரி அணியில் பதினைந்து பேருக்குள் வந்துவிடுவான், பதினொன்றில் வரமாட்டான். அவனை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். “அப்பா, அது சர்க்கஸ்” என்று எழுந்து போய்விட்டான். உழைப்பின் கதை என்று நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அவனை இடக்கையிலும் பழகச் சொல்லலாமா? அப்புறம், வாக்-ஆன் என்றால் என்ன?

கே., திருச்சி

*

அன்புள்ள கே.,

பையனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெண்டிட்டியின் கல்லூரிப் பயிற்சியாளரும் முதலில் ஏறக்குறைய அதைத்தான் நினைத்தார்.

வாக்-ஆனிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களைப் பள்ளியிலேயே தேடிப் பிடித்து, கட்டணத்தைக் குறைத்துக் கூட்டிவரும். பேஸ்பாலுக்கு அந்தக் காலத்தில் முதல்நிலை அணி ஒன்றுக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைதான் அனுமதி. ஆமாம், புள்ளி ஏழு. அதை முப்பது சொச்சம் பேர் கொண்ட அணிக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். ஒருவனுக்கு அரை, இன்னொருவனுக்குக் கால். இதில் எதுவும் கிடைக்காமல், சொந்தக் காசில் படித்துக்கொண்டே “நானும் வரட்டுமா?” என்று மைதானத்தில் போய் நிற்பவன்தான் வாக்-ஆன். பந்தியில் அழைத்தவர்கள் எல்லாம் உட்கார்ந்தபிறகு இலை மிச்சமிருந்தால் உட்காருகிறவன்.

வெண்டிட்டி நெப்ராஸ்கா மாநிலத்து ஒமஹாக்காரர். கல்லூரி பேஸ்பாலின் இறுதிச் சுற்று 1950 முதல் அந்த ஊரில்தான் நடக்கிறது. அங்கே வளரும் பையனுக்கு அது எங்கோ தூரத்தில் நடக்கிற சமாச்சாரம் அல்ல. அவர் போய் நின்றது உள்ளூர் கிரைட்டன் பல்கலைக்கழக அணியில். பயிற்சியாளர் எட் செர்வைஸ் முதல் ஆண்டில் வலக்கையால் மட்டும் வீசவிட்டார். இரண்டு கை வித்தை வேடிக்கையாகிவிடும் என்ற தயக்கம்.

அது பையன் சொந்தமாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. பிறவியில் அவர் வலக்கைக்காரர். மூன்று வயதில் அப்பா பிடித்து இழுத்துவிட்டது. இந்தக் கையால் இத்தனை, அந்தக் கையால் இத்தனை என்று தினமும் வீசவைத்தார். பந்து வீசுகிறவர், அதாவது பிட்ச்சர், பந்தை விடுமுன் ஒரு காலைத் தூக்குவார் இல்லையா, அது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரவேண்டும் என்பதற்காக அமெரிக்கக் கால்பந்தை இரண்டு காலாலும் உதைக்கச் சொன்னார். சென்ற கட்டுரையில் என் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். பீச்சாங்கையால் ஒரு முறுக்கை எடுத்தால்கூடத் தட்டிவிடுவாள். இந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். அர்ஜுனனுக்குச் சவ்யசாசி என்று ஒரு பெயர் உண்டு, இடக்கையாலும் அம்பு விடுபவன் என்று பொருள். ஒமஹா அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, எதற்கு இத்தனை பாடு? இதைப் புரிந்துகொள்ள ரிலீஃப் பிட்ச்சரின் வேலை தெரியவேண்டும். பேஸ்பாலில் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வீசிக் களைத்துப்போவார். அதன்பின் வருகிறவர்கள் ரிலீஃப் பிட்ச்சர்கள். ஒரு இன்னிங்ஸ், அப்போதெல்லாம் சில சமயம் ஒரே ஒரு ஆளுக்காகக்கூட உள்ளே அனுப்புவார்கள். வலக்கைக்காரர் வீசும் ஸ்லைடர் என்ற வளையும் பந்து, மட்டையோடு நிற்கும் வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே விலகும். இடக்கை ஆட்டக்காரருக்கு அதே பந்து உள்ளே வரும், அடிக்க வசதி. அதனால் வலக்கை ஆட்டக்காரர் வந்தால் வலக்கைப் பிட்ச்சர், இடக்கை வந்தால் இடக்கை என்று மேலாளர்கள் ஆள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வரமுடியாது. ஆக, எப்போதும் ஆள் பற்றாக்குறை.

வெண்டிட்டியின் இரண்டு கைகளும் தனித்தனியாகச் சுமார்தான். வலக்கை மேலிருந்து வரும், இடக்கை பக்கவாட்டில் தாழ்வாக வரும். எந்தக் கையிலும் பயமுறுத்தும் வேகம் கிடையாது. ஒரே ஒரு கை மட்டும் இருந்திருந்தால் இரண்டில் எதையும் எந்த அணியும் காசு கொடுத்து வாங்கியிருக்காது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால், ஆளை மாற்றாமலே கையை மாற்றிக்கொள்ளலாம். மேலாளருக்கு ஓர் இடம் மிச்சம். இதைத்தான் உங்கள் மகனுக்குச் சொல்வேன்: சர்க்கஸ் என்று பெயர் வைத்தாலும் பரவாயில்லை, அந்தக் கூடாரத்தில் நிஜமாகவே ஒரு வேலை காலியாக இருந்தது.

செர்வைஸ் மனம் மாறினார். இரண்டு கையும் வந்ததும் கல்லூரி ஆட்டக்காரர்கள் திணறினார்கள். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் சுற்றுச் சுற்றாகப் பெயர் சொல்லிப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும். 2007ல் நியூயார்க் யாங்கீஸ் அவரை 45வது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர் கையெழுத்துப் போடாமல் கடைசி ஆண்டுப் படிப்புக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அதே அணி, 20வது சுற்று. அவருக்கு முன் 600க்கும் மேற்பட்டவர்களின் பெயர் வாசிக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் பார்த்துச் சிரித்த வீடியோ 2008 ஜூன் 19ஆம் தேதி ஆட்டம். தொழில்முறையில் அவருக்கு முதல் நாள். யாங்கீஸின் அடிமட்ட அணிகளில் ஒன்றான ஸ்டேட்டன் ஐலண்ட் யாங்கீஸுக்கும் புரூக்ளின் சைக்ளோன்ஸுக்கும் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ஆட வந்தவர் ரால்ஃப் ஹென்ரிக்கஸ். அவர் ஸ்விட்ச் ஹிட்டர், இரண்டு பக்கமும் நின்று ஆடுகிறவர். வெண்டிட்டியின் கையுறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜப்பானிய மிசுனோ நிறுவனம் அவருக்கென்றே செய்தது. ஆறு விரல், இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல். எந்தக் கையிலும் மாட்டலாம். அதை அவர் இடக்கையில் மாட்டுகிறார், அதாவது வலக்கையால் வீசப்போகிறார். ஹென்ரிக்கஸ், ஆடுகிறவர் பக்கத்தில் நிற்கும் ‘ஹோம் ப்ளேட்’ என்ற தரைத் தட்டைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் நிற்கிறார். வெண்டிட்டி கையுறையைக் கழற்றி மறுகையில் போடுகிறார். ஹென்ரிக்கஸ் திரும்ப வலப்பக்கம். ஒரு பந்துகூட வீசப்படவில்லை. நடுவர்கள் கூடுகிறார்கள், மேலாளர்கள் வந்துவிட்டார்கள், கூட்டம் கூச்சல் போடுகிறது. விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. கடைசியில், ஆடுகிறவர்தான் முதலில் பக்கம் சொல்லவேண்டும் என்று தீர்ப்பு. ஹென்ரிக்கஸ் வலப்பக்கம் நின்றார், வெண்டிட்டி வலக்கையால் வீசினார். நான்கு பந்தில் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடித்து ஆடமுடியாமலே அவுட். ஹென்ரிக்கஸ் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்தார்.

அடுத்த மாதமே இதற்கென்று விதி வந்தது, அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். இன்றைய நிலையில் பிட்ச்சர்தான் முதலில் கையைக் காட்டவேண்டும். பிறகு அந்த ஆட்டக்காரருடன் கணக்கு முடியும்வரை, காயம்பட்டால் ஒழிய, கை மாற்றக்கூடாது. அன்றைய தீர்ப்புக்கு நேர்மாறு. வெண்டிட்டி ஜெயித்த வழியை அப்படியே அடைத்துவிட்டார்கள்.

கிரிக்கெட்டில் நாம் இதில் தாராளம். கை மாற்றுவதை நடுவரிடம் சொன்னால் போதும், ஓவரின் நடுவிலும் மாற்றலாம். சொல்லாவிட்டால் நோ பால். 2025 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு எதிராக ஹைதராபாத்தின் கமிந்து மெண்டிஸ் ஒரே ஓவரில் இரண்டு கையாலும் போட்டதை உங்கள் மகன் பார்த்திருப்பான். 4 ரன், ஒரு விக்கெட். ஒன்று கவனித்தீர்களா, அங்கே கணக்கு பேஸ்பாலுக்குத் தலைகீழ். வலக்கை ஆட்டக்காரருக்கு அவர் இடக்கையால் போடுகிறார், பந்து வெளியே திரும்பட்டும் என்று.

இப்போது உழைப்புக்கு வருகிறேன். வெண்டிட்டி உழைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதையில் உழைப்புக்குச் சமமாக இன்னொன்று இருக்கிறது: காத்திருக்க இடம். யாங்கீஸ் அமைப்புக்குள் ஏழு சீசன் இருந்தார், மேல் அணிக்கு ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. நடுவில் வலத்தோளில் அறுவை சிகிச்சை வேறு. அடிமட்ட ஆட்டக்காரனின் சம்பளம் அப்போது சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும், தொடக்க நிலையில் மாதம் 1,100 டாலர் அளவில். அந்த ஊரில் அது வாடகைக்கே இழுபறி. இந்தச் சம்பளம் பற்றிப் பிற்பாடு முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு 2022ல் 185 மில்லியன் டாலருக்குச் சமரசமானது.

ஆனாலும் வரிசை நீளமாக இருந்தது. கடைசியில் நிற்பவனும் நிற்கலாம். அன்று 50 சுற்றுத் தேர்வு. 2021 முதல் 20தான். வெண்டிட்டிக்கு முதலில் கிடைத்த 45வது சுற்று என்று ஒன்று இப்போது இல்லை, இரண்டாவதாகக் கிடைத்த 20வது சுற்றுதான் இப்போது கடைசி. மேல் அணிகளோடு இணைந்த சிறு அணிகள் 160 இருந்தன, 120 ஆக்கிவிட்டார்கள். அந்த வெட்டில் போனவற்றில் ஸ்டேட்டன் ஐலண்ட் யாங்கீஸும் ஒன்று. கல்லூரியிலும் 2025ல் ஒரு நீதிமன்ற சமரசம் வந்து 11.7 என்ற கணக்கே ஒழிந்தது. அதை ஏற்ற கல்லூரிகள் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பணம் கொடுக்கலாம், ஆனால் அணியில் 34 பேருக்கு மேல் கூடாது. பணம் வாங்குகிறவனுக்கு நல்ல காலம். போய் நிற்கிறவனுக்குத்தான் இலை குறைந்துவிட்டது. ஆகவே “அவன் போனான், நீயும் போகலாம்” என்று பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2015ல் ஓக்லண்ட் அணி அவரை மேல்மட்ட ஆட்டத்துக்கு அழைத்தது. ஜூன் 5ஆம் தேதி பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில், ஏழாவது இன்னிங்ஸில் உள்ளே வந்தார். முப்பது வயதாக ஒரு மாதத்துக்கும் குறைவுதான் பாக்கி. முதல் ஆள் பிராக் ஹோல்ட், இடக்கை. இடக்கையால் வீசினார், தரையோடு அடித்து அவுட். கையுறை மாறியது. ஹான்லி ராமிரெஸ், வலக்கை, ஒரு சிங்கிள், அதாவது அடித்துவிட்டு முதல் தளத்தில் போய் நின்றார். அடுத்து மைக் நப்போலி, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். 1995ல் கிரெக் ஹாரிஸ் என்பவர் ஒரே ஒரு இன்னிங்ஸுக்குச் செய்து பார்த்தபின், மேல்மட்ட ஆட்டத்தில் இரண்டு கையாலும் வீசிய முதல் ஆள் இவர். அப்புறம் டொரான்டோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, மயாமி. ஆறு அணிகள், மொத்தம் 61 ஆட்டங்கள். எங்கேயும் நிலைக்கவில்லை. 2020ல்தான் ஒரு புது விதி வந்தது: உள்ளே வரும் பிட்ச்சர் குறைந்தது மூன்று பேருக்கு வீசவேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்கவேண்டும். ஒரே ஆளுக்காக ஒருவரை அனுப்புவது ஒழிந்தது. இரண்டு கைக்காரனுக்கென்றே செய்ததுபோன்ற விதி. அது வந்த வருஷம்தான் மேல்மட்டத்தில் அவருக்குக் கடைசி வருஷம்.

இடக்கைப் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெண்டிட்டி தொடங்கியது மூன்று வயதில், உங்கள் மகனுக்கு இருபது இருக்கும். விளையாட்டாகப் போட்டுப் பார்க்கட்டும், தோள் வலித்தால் நிறுத்தட்டும். அதைவிட முதலில் அவன் தன் அணியில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்கட்டும். ஆஃப் ஸ்பின் போடுகிறவன் இரண்டு பேர் ஏற்கனவே இருந்தால், மூன்றாமவனுக்கு இன்னொரு கை இருந்து என்ன? எட்டாவது இடத்தில் இறங்கி இருபது ரன் அடிக்க ஆள் இல்லையோ என்னவோ. அதை நானோ நீங்களோ சொல்லமுடியாது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவனுக்குத்தான் தெரியும்.

வீடியோவை இன்னொரு தடவை போட்டால், இந்த முறை ஹென்ரிக்கஸைப் பாருங்கள். அவரும் இரண்டு பக்கமும் ஆடக் கற்றவர்தான், அதற்கும் சின்ன வயதிலிருந்து பாடுபட்டுத்தான் இருப்பார். 2005ல் பள்ளி முடித்த கையோடு ஹூஸ்டன் அணி அவரை இரண்டாவது சுற்றிலேயே எடுத்தது. மேல் அணிக்கு அவர் போகவே இல்லை.

அன்புடன்.