அம்மாவோட ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் மறுத்துட்டாங்க, விட்டுடவா?

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்சூரன்ஸ்ல முன் அனுமதி கேட்டதுக்கு "மருத்துவ ரீதியாக அவசியமில்லை"ன்னு ஒரே வரியில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. போன் பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சுட்டேன். விட்டுடவா?

பதில்: விட்றாதீங்கம்மா. அந்த ஒரு வரிய படிச்சதும் வயிறு எரிஞ்சிருக்கும், புரியுது. ஆனா அத எழுதினவங்க உங்கம்மாவ பாத்ததே இல்ல, அவங்க பாத்தது ஆஸ்பத்திரியில இருந்து போன பேப்பர மட்டும்தான், அதனால இனிமே போன்ல மல்லுக்கட்டாம அந்த பேப்பர்ல என்ன போச்சுன்னு பாருங்க.

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல அனுப்பின ஃபார்மோட காப்பி கேளுங்க. அதுல நோய்க்கு ஒரு குறியீடு (code) இருக்கும். நோய்களுக்குக் குறியீடு குடுக்கிற ஐசிடி 10-ங்கிற உலகப் பட்டியல்ல முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு எம்17, வெறும் மூட்டு வலிக்கு எம்25.5. அவசரத்துல யாராவது வலின்னு மட்டும் போட்டிருந்தா, வலிக்கு எதுக்கு மூட்டையே மாத்தணும்னுதானே படிக்கிறவங்களுக்குத் தோணும்?

அடுத்தது டாக்டர் லெட்டர், எல்லாத்தையும் விட இதான் முக்கியம். "ஆபரேஷன் தேவை"ன்னு ரெண்டு வரி எழுதினா பத்தாது. எக்ஸ்ரேல தேய்மானம் எந்த கிரேடுன்னு வரணும் (0ல இருந்து 4 வரைக்கும் போடுவாங்க, 4தான் ரொம்ப முத்தினது), பிசியோதெரபி, மாத்திரை, ஊசின்னு எதெல்லாம் எத்தனை மாசம் பாத்தும் கேக்கலன்னு வரணும். அப்புறம் அம்மா மாடிப்படி எப்படி ஏறுறாங்கன்னு நீங்க ஒருநாள் நின்னு பாருங்க, கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சு ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வச்சுத்தான் ஏறுறாங்கன்னா அத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லி லெட்டர்ல சேக்கச் சொல்லுங்க.

இதெல்லாத்தையும் வச்சு மேல்முறையீடு எழுத்துல போடுங்க, அவங்க சொன்ன அந்த ஒரு காரணத்துக்கு மட்டும் பதில் இருக்கட்டும், கோவத்த கொட்டி நாலு பக்கம் வேண்டாம். உங்க டாக்டரே அவங்க டாக்டர்கிட்ட நேரடியா பேச வழி இருக்கான்னும் கேளுங்க, பல கேஸ் அதுலயே முடிஞ்சிடும். அப்பவும் மறுத்தா கம்பெனிக்கு வெளிய புகார் விசாரிக்கிற அமைப்புக்குப் போகலாம். எல்லாத்துக்கும் கெடு உண்டு, ரிஜெக்ட் லெட்டர்லயும் பாலிசிலயும் என்ன தேதி இருக்குன்னு இன்னிக்கே பாத்துடுங்க.

பதில் வர்ற வரைக்கும் அம்மாவோட பிசியோவ நிறுத்தாதீங்க. போற ஒவ்வொரு தடவையும் சீட்டு வாங்கி வைங்க, அதுவும் ஃபைல்ல சேரணும்.