மாதக் கடைசியில் எதைக் குறைப்பது? ஒன்பது பேர் வீட்டின் சாப்பாட்டுக் கணக்கு

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்குச் சமைக்க வேண்டும். மாமனார், மாமியார், கணவர், கொழுந்தன், ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் ஓரகத்தி, 14, 9, 3 வயதில் மூன்று பிள்ளைகள். சாப்பாட்டுச் செலவுக்கென்று மாதம் ஒரு தொகை என் கைக்கு வரும். இருபதாம் தேதிக்கு மேல் இழுபறிதான். அப்போது முட்டையை நிறுத்திவிடுவேன். தினமும் அரைக் கிலோ போடும் பருப்பை 200 கிராமாக்கித் தண்ணியாக வைப்பேன். அரிசியில் மட்டும் கை வைப்பதில்லை. யாரும் பசியோடு எழுந்துவிடக் கூடாதே. ஆனால் பெரியவன் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்கிறான். மாமியாரும் சோர்ந்து தெரிகிறார். எதை எப்படிக் குறைத்தால் சமாளிக்கலாம்?

பதில்: முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் சொன்ன ஆட்களை எண்ணிப் பார்த்தேன், எட்டுதான். அதில் நீங்கள் இல்லை. சமைக்க வேண்டியது ஒன்பது பேருக்கு. இதை ஏதோ கணக்குத் தவறு என்று விட்டுவிட முடியாது; ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, பணம் போதாமல் போவதை உங்கள் கைத்திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை ஏர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857இலேயே குடும்பங்களின் வரவுசெலவை வைத்துக் காட்டிவிட்டார். சிக்கனமாக இருக்கும் வீட்டிலும் இந்த நெருக்கடி வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வயிறு நிறைவது ஒன்று, உடம்பில் சேருவது ஒன்று. நீங்கள் மாதக் கடைசியில் முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவதை வெட்டுகிறீர்கள். எவ்வளவு வெட்டுகிறீர்கள் என்று புரதத்தை வைத்துப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். உங்களையும் சேர்த்துப் பெரியவர்கள் ஆறு பேர், அதற்கு 300. ஓரகத்திக்கு இப்போது கூடுதலாக 10 கிராம் (கடைசி மூன்று மாதத்தில் அது 30 ஆகும்). பெரிய பையனுக்கு 45, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 25, சின்னதுக்கு 12. மொத்தம் 390 சொச்சம்.

இப்போது வரவு. ஒரு நாளைக்கு 2 கிலோ அரிசியும் அரைக் கிலோ கோதுமையும் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து 200 கிராம் புரதம் கிடைக்கும். அரைக் கிலோ பருப்பில் 115. ஆறு முட்டையில் 36. ஒரு லிட்டர் பாலில் 33. இரண்டு கைப்பிடி, அதாவது 50 கிராம் வேர்க்கடலையில் 12. கூட்டினால் 396. ஆக, அரைக் கிலோ பருப்பு போடும் நாட்களில் உங்கள் வீடு கிட்டத்தட்ட சரியாகத்தான் சாப்பிடுகிறது. பருப்பை 200 கிராமாக்கி முட்டையையும் நிறுத்தும்போது 105 கிராம் போய்விடுகிறது. கால் பங்குக்கும் மேல்! தட்டில் சோறு அதே உயரத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரியவனின் வயிற்றுக்குத் தெரிகிறது. புரதம் குறைந்த சாப்பாடு பசியை நெடுநேரம் தாங்காது.

இதில் தரம் என்ற சங்கதியும் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னக் கூறுகளால் ஆனது. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தானியத்தில் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பும். பருப்பை வெட்டும்போது அரிசியில் உள்ள புரதமும் முழுப் பலன் தராமல் போகிறது.

அதனால் என் ஆலோசனை உங்கள் வழக்கத்துக்கு நேர் எதிர்: பருப்பும் முட்டையும் கடைசியாகக் கை வைக்க வேண்டியவை. பணம் கைக்கு வரும் நாளிலேயே மாதம் முழுவதற்குமான பருப்பு, கடலை வகைகளை, உங்கள் வீட்டுக்கு 15 கிலோ அளவில், வாங்கி டப்பாவில் அடைத்துவிடுங்கள். உள்ளே வந்த பருப்பை யாரும் இருபதாம் தேதி திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. 15 கிலோவும் ஒரே பருப்பாக இருக்க வேண்டியதில்லை. அநேகமாக எல்லாப் பருப்பு வகையிலும் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம்தான். சோயா மட்டும் 36 வரை போகும். ஒன்று விலை ஏறினால் இறங்கிய இன்னொன்றுக்குத் தாவுங்கள். சுவை மாறும், சத்துக் கணக்கு பெரிதாக மாறாது.

கடையில் எதைப் பார்த்தாலும் எழுதியிருக்கும் விலையோடு நின்றுவிடாதீர்கள். பாக்கெட் தின்பண்டம் மலிவு மாதிரித் தெரிவதற்குக் காரணம் அது 30, 40 கிராமில் வருவதுதான். அதைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். இறைச்சியில் இதற்கு நேர்மாறாக எடை ஏமாற்றும். எலும்போடு ஒரு கிலோ கோழி வாங்கினால் புரதம் 130 கிராம் அளவில்தான் வரும். ஒரு கிலோ பருப்பில் 230. கோழி பருப்பைவிட இரண்டு மடங்கு விலை என்றால், புரதத்துக்குக் கொடுக்கும் காசு மூன்றரை மடங்காகிறது. கோழியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நாக்குக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் அளவு தானாக அமையும்.

முட்டை, பால் விஷயத்தில் இந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைக்காது. முட்டை, பால், மீன், இறைச்சி இவற்றிலிருந்துதான் வர வேண்டும். எல்லோருக்கும் தினமும் முட்டை கட்டுப்படியாகாது என்றால், கர்ப்பிணிக்கும் பிள்ளைகளுக்கும் தினம் ஒன்று, மீதிப் பேருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் அந்த முறையை உடைக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

அப்படியானால் எங்கே குறைப்பது? எண்ணெயில் பாருங்கள். பெரிய டப்பாவிலிருந்து நேராகச் சட்டியில் கவிழ்த்தால் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று சின்னப் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்; புதன்கிழமையே பாட்டில் பாதிக்குக் கீழே போனால் கை தானாகச் சுருங்கும். சர்க்கரைக்கும் இதே வைத்தியம்தான். பிறகு அழுகிப்போகும் காய்கறி. மலிவாக இருக்கிறதே என்று அள்ளி வந்து, ஐந்தாம் நாள் குப்பையில் போடும் காய்தான் வீட்டிலேயே விலை அதிகமான காய். கீரையையும் இலைக்காய்களையும் முதல் இரண்டு நாளில் முடித்துவிட்டு, பூசணி, கேரட், முட்டைக்கோஸ் போன்ற தாங்கும் காய்களைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கை வெளிச்சம் படாமல் வையுங்கள். பச்சை நிறம் ஏறிய கிழங்கு உடம்புக்கு ஆகாது.

ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய், பழம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் கிழங்கைக் கணக்கில் சேர்க்காமல். ஒன்பது பேருக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். இப்போதைய நிலையில் அதில் பாதியைத் தொட்டாலே நல்லது என்பேன். அந்தப் பாதியில் ஒரு பங்கு கரும்பச்சைக் கீரையாகவும், ஒரு பங்கு ஆரஞ்சு நிறக் காயாகவும் இருக்கட்டும். நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம், வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் அதில்தான் இறங்கியிருக்கும்.

பணத்தைப் பிரிப்பதில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாதத்தை நான்கு வாரமாகப் பிரிப்பார்கள். ஆனால் மாதம் என்பது நான்கு வாரமும் இரண்டு மூன்று நாளும். அந்த இரண்டு மூன்று நாள்தான் கழுத்தை நெரிக்கும். தானியம், பருப்பு, எண்ணெய் வாங்கியது போக மீதியை மூன்று உறைகளில் போட்டுப் பத்துப் பத்து நாளுக்கு வையுங்கள். காய், பால், முட்டை எல்லாம் அந்தந்த உறையிலிருந்து. முதல் உறை எட்டாம் நாளே காலியானால், சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். இருபதாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

மொத்தமாக வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. நானே சூடுபட்டிருக்கிறேன். ஒருமுறை பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பத்துக் கிலோ உலர்ந்த பயறு வாங்கிவிட்டேன். இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு மணி நேரம் வேகவைத்தும் பல்லில் கல்லாக உருண்டது. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாள்பட்டுக் கிடந்த பயறு அப்படித்தான், எவ்வளவு கொதித்தாலும் உள்ளே இளகாது. விலையில் மிச்சம் பிடித்ததை எரிபொருளில் விட்டேன். அன்றிலிருந்து முதலில் கால் கிலோ வாங்கி வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைத் தொடுவது. சமையல் சோடா போட்டால் வெந்துவிடும் என்பார்கள். வெந்துவிடும்தான், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் போய்விடும். நாள்படாத பயறு என்றால் எட்டு மணி நேரம் ஊறவைப்பதும், புளிப்பான எதையும் வெந்த பிறகே சேர்ப்பதும் போதும். சிவப்பு ராஜ்மா வாங்கினால் மட்டும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் ஒரு நச்சு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும்.

இப்போது அந்த ஒன்பதாவது ஆளுக்கு வருகிறேன். பெரிய குடும்பத்தில் பாத்திரத்தில் இருப்பதும் தட்டில் விழுவதும் ஒன்றல்ல. தண்ணியாக வைத்த பருப்பில் கெட்டியெல்லாம் அடியில் தங்கும். மேலாக மொண்டு ஊற்றினால் முதலில் உட்காருகிறவர்களுக்குத் தெளிந்த நீர்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நீரைச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் வயிறு நிறையும், வேறொன்றும் சேராது. சின்ன வயிறு, அதற்கு அடியில் இருக்கும் கெட்டிப் பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் போட்டுப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை கொடுங்கள். வேர்க்கடலையை அந்த வயதில் பொடித்துத்தான் தர வேண்டும், முழுசாகத் தந்தால் தொண்டையில் சிக்கும். கடைசியாக உட்காருகிறவருக்கு, அநேகமாக அது நீங்கள்தான், சோறு மிஞ்சியிருக்கும், முட்டை மிஞ்சியிருக்காது. ஆகவே பரிமாறத் தொடங்குவதற்கு முன்பே ஓரகத்தியின் பங்கையும் உங்கள் பங்கையும் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள். மாமனார், மாமியாருக்கு வயதாகிவிட்டது, கொஞ்சம் போதும் என்று பருப்பைக் குறைக்காதீர்கள். தசை கரையும் வயதில் புரதம் கிலோவுக்கு ஒரு கிராம் வரை தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் என்றால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவே அளவு.

மாமியாரின் சோர்வுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். செலவில்லாத உதவி ஒன்று உண்டு. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடம்பில் ஏறாது. எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, கூடவே சமைக்காத ஒரு தக்காளித் துண்டோ கொய்யாவோ சாப்பிட்டாலோ கூடுதலாக ஏறும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். ஓரகத்திக்கு மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையையும் டீயோடும் பாலோடும் விழுங்க வேண்டாம்.

கடைசியாக, மிஞ்சிய சோறு. ஒன்பது பேர் வீட்டுப் பானை பெரியது. மதியம் வடித்த சோறு மேலே ஆறியிருந்தாலும் சாயங்காலம் நடுவில் கை விட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு அந்தச் சூடுதான் சொர்க்கம். அது விடும் நச்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஒரே தடவையாக வடிப்பதை விட்டு, இரவுக்குத் தனியாகக் கொஞ்சம் வடியுங்கள்.