வாசகர் கேள்வி - பதில்: வசனம் இல்லாத இடங்களில்

கேள்வி: 'விடுதலை' முதல் பாகத்தையும் 'கொட்டுக்காளி'யையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். சூரியின் நடிப்பு எதில் சிறந்தது என்று கருதுகிறீர்கள்? (வாசகர், மதுரை)

பதில்: 'கொட்டுக்காளி' என்றே சொல்வேன். 2023இல் வெளிவந்த 'விடுதலை'யில் காவலர் குமரேசனாக அவர் செய்திருப்பதும் எளிய காரியம் அன்று. கரடியால் தாக்கப்பட்ட மூதாட்டிக்கு உதவியதற்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லும் மேலதிகாரியிடம், தவறு செய்யாதபோது ஏன் கேட்க வேண்டும் என்று நின்று, கொடுக்கும் தண்டனையையெல்லாம் முணுமுணுக்காமல் ஏற்கும் அந்தப் பணிவான பிடிவாதம், 'வெண்ணிலா கபடி குழு'வின் பரோட்டாக் காட்சியை மட்டுமே நினைவில் வைத்திருந்த பலரை வியக்க வைத்தது. ஆனால் குமரேசன் நல்லவன். பார்ப்பவர் மனம் தொடக்கத்திலேயே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 'கொட்டுக்காளி'யின் பாண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. வேறு சாதி இளைஞனை விரும்பிவிட்ட முறைப்பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, அவளைச் சாமியாரிடம் கூட்டிச் செல்லும் குடும்பத்தோடு போகிறவன் அவன். தொண்டையில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கட்டிப்போன கரகரத்த குரலிலேயே படம் முழுவதும் பேசுகிறான். பின்னணி இசையே இல்லாத படம் என்பதால், அவனுக்குள் கோபம் ஏறிக்கொண்டிருப்பதை மேளமோ வயலினோ நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கழுத்து நரம்பும் மூச்சும்தான் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ ஒலிக்கும் பாட்டோடு சேர்ந்து அந்தப் பெண் மெல்ல முணுமுணுத்தாள் என்பதற்காக அவளையும், தடுக்க வந்த வீட்டுப் பெண்களையும் அவன் அடித்து நொறுக்கும் காட்சியில், எந்த ஒரு கணத்திலும் சூரி நம்முடைய இரக்கத்தைக் கேட்கவில்லை. மக்கள் விரும்பும் நகைச்சுவை நடிகராகப் பல ஆண்டுகள் இருந்த ஒருவருக்கு, வெறுக்கப்படுவதற்கு முழுமனதோடு சம்மதிப்பதுதான் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன்.

கேள்வி: 'கொட்டுக்காளி'யில் அன்னா பென் ஏறத்தாழ வாயே திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதை நடிப்பு என்று பாராட்டுவது பொருந்துமா? (வாசகி, திருச்சி)

பதில்: பொருந்தும். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதே என் பதில். ஆட்டோவுக்குள் உறவினர்கள் இடைவிடாமல் பேசிக்கொண்டே வர, அந்தப் பேச்சு ஒவ்வொன்றும் அவர் ஏற்ற முறைப்பெண் மீனாவின் காதில் விழுகிறது என்பதையும், அதில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்ல அவள் விரும்பவில்லை என்பதையும் ஒரே முகத்தில் அவர் காட்ட வேண்டியிருக்கிறது. அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. மிரட்சி இருந்தால்கூட அதை அவர்களிடம் ஒப்படைக்க மறுக்கும் நிமிர்வு இருக்கிறது. வசனம் இருந்திருந்தால் அவளைப் பாவப்பட்ட பெண்ணாகவோ புரட்சிப் பெண்ணாகவோ நாம் வகைப்படுத்தி முடித்திருப்போம். இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் அதற்கு இடம் தரவில்லை. அன்னா பென்னும் தரவில்லை. 2024 ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யும் இப்படமும் ஒரே நாளில் வெளியாயின. அன்று 'வாழை'க்குத் திரண்ட கூட்டத்தில் ஒரு பகுதியாவது இதற்கும் வந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: 'மெய்யழகன்' படத்தில் கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார், அரவிந்த்சாமி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது யாருடைய படம்? வெளியான பிறகு நீளத்தைக் குறைத்தது சரியா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கார்த்தி இல்லாமல் படம் நகராது, ஓயாமல் பேசுகிற, அன்பால் ஆளைத் திணறடிக்கிற அந்த நீடாமங்கலத்துக்காரரை அவர் சலிப்புத் தட்டாமல் செய்திருக்கிறார். என்றாலும் என் கண் பெரும்பாலும் அரவிந்த்சாமி மீதுதான் இருந்தது. தன்னை இவ்வளவு நேசிக்கிறவன் யார், அவன் பெயர் என்ன என்றே நினைவில்லாமல், அதை வாய்விட்டுக் கேட்கவும் கூசி, அவன் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அவன் சொல்லும் கதைகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கும் மனிதனின் குற்றவுணர்ச்சி, படம் வளர வளர அவர் தோள்களில் கனத்துக்கொண்டே போகிறது. திருமண மேடையில் தங்கைக்குத் தான் வாங்கி வந்த நகைகளை அவளே பிரித்து அணிந்துகொள்ளும்போது அவர் நிற்கும் நிலையைப் பாருங்கள். 1996இல் ஊரைவிட்டுப் போன ஒருவன், இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரை இழந்திருந்தான் என்பது அங்கே ஒரு சொல்லும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

நீளத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது: ஏறக்குறைய 18 நிமிடங்களை வெட்டியது தவறு. ஒருவர் பேச மற்றவர் கேட்பதையே கதையாகக் கொண்ட படத்தில் நேரத்தைக் குறைத்தால், முதலில் அடிபடுவது கேட்பவரின் நடிப்புதான். பேசுபவருக்குச் சில வசனங்கள் போகும், அவ்வளவே. கேட்பவருக்கோ மனம் மாறுவதற்குத் தேவையான அவகாசமே போய்விடும்.

கேள்வி: 'லப்பர் பந்து' படத்தில் தினேஷ் முன்னால் ஹரிஷ் கல்யாண் எடுபடவில்லை என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா? (வாசகர், கடலூர்)

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். மணவயதில் மகள் இருக்கும் தந்தையாக நடிக்க ஒப்புக்கொண்டதற்கே தினேஷைப் பாராட்ட வேண்டும். கிரிக்கெட் மைதானத்தில் ஊரே அஞ்சும் 'கெத்து' என்ற அந்த மனிதர், மனைவி யசோதையின் முன்னால் குரல் தாழ்ந்து நிற்பதை அவர் கேலிக்கூத்தாக்காமல், அவள் மீதுள்ள உண்மையான அன்பாகவும் பயமாகவும் செய்திருப்பது அருமை. யசோதையாக வரும் ஸ்வாசிகாவும் அவருக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர். ஆனால், மூத்தவரின் கர்வத்துக்கு எதிரில் தன் கர்வத்தை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று அறிந்து ஹரிஷ் கல்யாண் நடித்திருப்பதால்தான் இருவருக்கும் இடையிலான பகை நம்பும்படி இருக்கிறது.

கேள்வி: 'மகாராஜா'வில் சிங்கம்புலியைப் பார்த்த பிறகு அவருடைய பழைய நகைச்சுவைக் காட்சிகளில்கூடச் சிரிப்பு வர மறுக்கிறது. உங்களுக்கும் அப்படியா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எனக்கும் அப்படித்தான். படம் பார்க்காதவர்களை மனத்தில் கொண்டு அதிகம் சொல்லாமல் விடுகிறேன். நமக்குப் பழக்கமான அந்த வெகுளித்தனத்தை அவர் ஒரு துளியும் மாற்றாமல் கடைசிவரை கொண்டுவந்ததும், அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ள இயக்குநர் நித்திலன் துணிந்ததும்தான் அந்த அதிர்ச்சிக்குக் காரணம். இனி அவரை அடுத்தடுத்து வில்லனாகவே அழைக்காமல், நல்ல குணச்சித்திர வேடங்களுக்கு அழைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.