ஜனவரி ஆரம்பத்திலேயே பேப்பர் எல்லாம் கொடுத்துவிட்டேன், வருமான வரி ரீஃபண்ட் ஏன் இன்னும் வரவில்லை?

நீங்கள் கேட்டது இது: ஜனவரி 8-ஆம் தேதியே கடைசி பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டை, கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். டபிள்யூ-2 (வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி முதலாளி கொடுக்கும் படிவம்) வரட்டும் என்றார் உங்கள் டாக்ஸ் தயாரிப்பாளர். அது வந்ததும் கொடுத்தால், ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) இன்னும் திறக்கவில்லை என்கிறார். உங்கள் நண்பருக்கோ வேறோர் இடத்தில் அதே வாரம் பணம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு குழந்தைகள், ஈ.ஐ.டி.சி. (குறைந்த வருமானத்தில் வேலை செய்பவர்களுக்கான வரிச் சலுகை) கிடைக்கும் என்று உங்கள் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி வாடகைக்குள் ரீஃபண்ட் வருமா, இவர் இழுத்தடிக்கிறாரா?

வராது. இழுத்தடிக்கவும் இல்லை. நான் நியூ ஜெர்சியில் 11 வருடமாக இதே வேலையைச் செய்கிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் ஒழுங்காக வேலை செய்கிறவர் என்றுதான் தோன்றுகிறது. மார்ச் மாத வாடகைக்குக்கூட இந்தப் பணத்தை நம்பி இருக்காதீர்கள்.

முதலில் பே ஸ்டப் விஷயம். கடைசி பே ஸ்டப்பில் வருட மொத்தம் இருக்கிறதே, அதை வைத்துப் போட்டால் என்ன என்று பலரும் கேட்பார்கள். டபிள்யூ-2 கைக்கு வருவதற்கு முன் உங்கள் ரிட்டர்னை (வருட வரிக் கணக்குப் படிவத்தை) இ-ஃபைல் செய்ய, அதாவது இணையம் வழியே அனுப்ப, தயாரிப்பாளருக்கு அனுமதி இல்லை. அது ஐ.ஆர்.எஸ். விதி. இன்ஷூரன்ஸ், 401-கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பிடித்தம் எல்லாம் டபிள்யூ-2 படிவத்தின் எந்தக் கட்டத்தில் எப்படி விழுகிறது என்பதை ஸ்டப்பைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது. முதலாளி டபிள்யூ-2 கொடுக்க ஜனவரி 31 வரை நேரம் உண்டு. உங்களுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது நல்லதுதான்.

அடுத்தது, "இன்னும் திறக்கவில்லை" என்பது. தனிநபர் ரிட்டர்ன்களை ஐ.ஆர்.எஸ். எந்த நாளிலிருந்து வாங்க ஆரம்பிக்கும் என்பதை ஒவ்வொரு வருடமும் அவர்களே அறிவிப்பார்கள். 2023-இல் ஜனவரி 23, 2024-இல் ஜனவரி 29, 2025-இல் ஜனவரி 27. பெரும்பாலும் ஜனவரியின் கடைசிப் பகுதிதான், ஆனால் நிச்சயம் கிடையாது. 2013-இல் ஜனவரி 2-ஆம் தேதி ஒரு வரிச் சட்டம் கையெழுத்தானதால் படிவங்களை மாற்றி எழுதி, 30-ஆம் தேதிதான் திறந்தார்கள். அடுத்த வருடம், முந்தைய அக்டோபரில் அரசாங்கம் 16 நாள் மூடிக் கிடந்ததால் ஜனவரி 31. கோவிட் சமயத்தில், 2021-இல், பிப்ரவரி 12 வரை காத்திருந்தோம். அந்த ஜனவரி முழுக்க என் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை போனவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல முடிந்தது.

அந்த நாளுக்கு முன்னால் யாராவது "ஃபைல் பண்ணிவிட்டேன்" என்று சொன்னால், சாஃப்ட்வேர் வரிசையில் ரிட்டர்ன் நிற்கிறது என்று அர்த்தம். திறப்பதற்கு முன் ஐ.ஆர்.எஸ். தன் சிஸ்டத்தைச் சோதிக்கக் கொஞ்சம் ரிட்டர்ன்களை எடுத்துப் பார்ப்பதுண்டு. அதில் யாருடையது சேரும் என்பது யார் கையிலும் இல்லை. இப்படி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதில் தவறு இல்லை, ஆனால் எந்தத் தேதிக்கு முன்னால் அனுப்ப முடியாது என்பதைத் தயாரிப்பாளர் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். உங்களவர் அதைச் சொல்லியிருக்கிறார். சீசன் திறந்த பிறகு கதை வேறு. தேவையான எல்லாம் கையில் வந்து, இ-ஃபைல் செய்ய அனுமதி தரும் 8879 படிவத்தில் நீங்கள் கையெழுத்தும் போட்ட பிறகு மூன்று நாளுக்கு மேல் ரிட்டர்னைக் கையில் வைத்திருக்கக் கூடாது. அப்போதும் அனுப்பவில்லை என்றால் தாராளமாகக் கேளுங்கள்.

உங்கள் நண்பருக்கு வந்த பணம் பெரும்பாலும் ரீஃபண்டாக இருக்காது. ஜனவரி முதல் பாதியில் யாருக்கும் அந்த வருட ரீஃபண்டை ஐ.ஆர்.எஸ். அனுப்புவதில்லை. அது ரீஃபண்ட் அட்வான்ஸாக இருக்க வேண்டும். அதாவது, வரப்போகும் ரீஃபண்டைக் காட்டி ஒரு வங்கி கொடுக்கும் கடன். சில இடங்களில் வட்டி இல்லாமல் தருகிறார்கள், சில இடங்களில் வட்டியும் கட்டணமும் உண்டு. உண்மையான ரீஃபண்ட் வரும்போது வங்கி தன் பணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும். தயாரிப்புக் கட்டணத்தையும் ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம். எண்ணூறு டாலர் அட்வான்ஸ் வாங்கியவர், கடைசியில் மொத்தமாக எவ்வளவு போனது என்று என்னிடம் கணக்குப் போடச் சொல்லி, பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு மறக்கவில்லை. நண்பர் வாங்கியது தப்பு என்று சொல்ல வரவில்லை, அவசரம் எல்லோருக்கும் வரும். அதை வைத்து உங்கள் தயாரிப்பாளரை எடை போடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு முக்கியமானது. இ-ஃபைல் செய்து நேரடி டெபாசிட் கேட்ட ரிட்டர்ன்களில் பெரும்பாலானவற்றுக்கு 21 நாளுக்குள் பணம் வந்துவிடும். இந்த 21 நாள் ஐ.ஆர்.எஸ். "அக்செப்டட்" என்று சொன்ன நாளிலிருந்துதான், நீங்கள் பேப்பர் கொடுத்த நாளிலிருந்து இல்லை. அக்செப்டட் என்றால் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண் போன்றவை பொருந்தின என்பது மட்டும்தான். பணம் அனுமதிக்கப்பட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஈ.ஐ.டி.சி. அல்லது கூடுதல் குழந்தை வரிச் சலுகை கேட்பவர்களுக்கு இதோடு இன்னொரு பூட்டும் உண்டு. 2015 டிசம்பரில் வந்த பாத் சட்டத்தின்படி பிப்ரவரி 15-க்கு முன்னால் அவர்களுடைய ரீஃபண்டை வெளியே விடவே கூடாது. 2017 சீசனிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. சலுகைத் தொகையை மட்டும் நிறுத்திவிட்டு, சம்பளத்தில் பிடித்த வரியை முன்னால் தருவார்கள் என்று நினைக்காதீர்கள். முழு ரீஃபண்டும் நிற்கும். போலி ரிட்டர்ன்கள் மூலம் நிறையப் பணம் போய்க்கொண்டிருந்ததால், முதலாளிகள் அனுப்பும் டபிள்யூ-2 விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானது. ஆனால் அந்தக் காத்திருப்பின் பாரம் முழுக்கக் குறைந்த சம்பளக்காரர்கள் மேல்தான் விழுகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

பிப்ரவரி 15 வந்ததும் 16-ஆம் தேதி பணம் வந்துவிடாது. நடுவில் பிரசிடெண்ட்ஸ் டே விடுமுறை, வங்கி மூடியிருக்கும். அப்புறம் வங்கி வரவு வைக்க எடுக்கும் நாட்கள். 2025-இல் இப்படிப்பட்ட ரீஃபண்ட்களில் பெரும்பாலானவை மார்ச் 3-க்குள் கணக்குக்கு வரும் என்று ஐ.ஆர்.எஸ். சொல்லியிருந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜனவரி 27 அன்று அக்செப்ட் ஆன ரிட்டர்னுக்கு 21 நாள் என்றாலே பிப்ரவரி 17. முதல் நாள் அனுப்பியவருக்கும் பத்து நாள் கழித்து அனுப்பியவருக்கும் உங்களைப் போன்றவர்கள் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அந்தப் பத்து நாளைக் காத்திருக்காமல் நான் ஒரு முறை தவறு செய்தேன். 2018 சீசன். உங்களைப் போலவே இரண்டு குழந்தைகள் உள்ள ஒருவர், டபிள்யூ-2 ஒன்றைக் கொடுத்து, திறக்கும் நாளிலேயே அனுப்பச் சொன்னார். வேறு வருமானம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். அவசரத்தில் நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. பிப்ரவரி மூன்றாம் வாரம் இன்னொரு டபிள்யூ-2 வந்தது. நடுவில் இரண்டு மாதம் ஒரு கிடங்கில் வேலை பார்த்திருக்கிறார், மறந்தே போய்விட்டார். இரண்டு குழந்தை உள்ளவர்களுக்கு, வருமானம் ஓர் எல்லையைத் தாண்டினால் கூடும் ஒவ்வொரு டாலருக்கும் ஈ.ஐ.டி.சி.யில் ஏறக்குறைய 21 சென்ட் குறையும். இரண்டு மாதச் சம்பளத்துக்கு அது எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் திருத்த ரிட்டர்னான 1040-எக்ஸை இ-ஃபைல் செய்யவும் முடியாது, 2020-இல்தான் அந்த வசதி வந்தது. தபாலில் அனுப்பி, அறுநூறு டாலருக்கு மேல் அவர் திருப்பிக் கட்டினார். ரீஃபண்டாக வந்த பணம் காருக்கும் வாடகைக்கும் ஏற்கெனவே போயிருந்தது. இப்போது நான் யாராக இருந்தாலும் மாதம் மாதமாகக் கேட்கிறேன்: மார்ச்சில் எங்கே வேலை, ஜூலையில் எங்கே, வேலையில்லா உதவித்தொகை வாங்கினீர்களா, பங்கு ஏதாவது விற்றீர்களா என்று. பங்கு விற்றிருந்தால் 1099-பி படிவம் வரப் பிப்ரவரி நடுப்பகுதி ஆகும். அதுவரை அனுப்பவே மாட்டேன்.

உங்கள் தயாரிப்பாளர் குழந்தைகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார், பள்ளிக் கடிதம், டாக்டர் ஆபீஸ் பதிவு எல்லாம் கேட்பார். கோபப்படாதீர்கள். குழந்தை பாதி வருடத்துக்கு மேல் உங்களோடு இருந்ததா என்று விசாரித்து 8867 என்ற படிவத்தை அவர் நிரப்பியாக வேண்டும். செய்யாவிட்டால் அபராதம் அவருக்கு. இந்தக் காகிதங்களை இப்போதே எடுத்து வைத்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

வங்கிக் கணக்கு எண்ணையும், வங்கியை அடையாளம் காட்டும் ரூட்டிங் எண்ணையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்களே ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பாருங்கள். இல்லாத கணக்காக இருந்தால் பணம் திரும்பிப் போய்த் தாமதம் ஆகும், அவ்வளவுதான். வேறொருவருடைய கணக்கில் விழுந்துவிட்டால், அந்த வங்கி ஒத்துக்கொள்ளாதவரை ஐ.ஆர்.எஸ். அதை வாங்கித் தர முடியாது.

அனுப்பி 24 மணி நேரம் கழித்து ஐ.ஆர்.எஸ். தளத்தில் "வேர்'ஸ் மை ரீஃபண்ட்" பக்கத்தில் பார்க்கலாம். அது ஒரு நாளைக்கு ஒரு முறை, இரவில்தான் புதுப்பிக்கப்படும், மணிக்கொரு தரம் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் ஐ.ஆர்.எஸ். தளத்தில் உங்கள் ஆன்லைன் அக்கவுண்டில் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது உங்கள் வரிக் கணக்கின் பதிவை, திறந்து பாருங்கள். 846 என்ற எண் வந்துவிட்டால் ரீஃபண்ட் தேதி பக்கத்திலேயே இருக்கும். 570 என்று இருந்தால் ஏதோ காரணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பல நேரம் அது தானாகவே விலகிவிடும். அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லித் தபால் வந்தால் மட்டும் அன்றே செய்துவிடுங்கள். சரிபார்த்த பிறகும் ஒன்பது வாரம் வரை ஆகலாம், ஒவ்வொரு நாளும் அதில்தான் கூடும்.

பிப்ரவரி வாடகைக்கு இப்போதே வீட்டுக்காரரிடம் பேசுங்கள். உங்கள் தயாரிப்பாளரிடம் ஐ.ஆர்.எஸ். திறக்கும் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து மூன்றாம் நாள் "அக்செப்டட் ஆகிவிட்டதா?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பணத்தை மார்ச் முதல் வாரத்தில் எதிர்பாருங்கள்.